கால் தெரியாத கன்னி

புதுப் பட்டுப் பாவாடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, கூட எந்தக் குழந்தையும் இல்லாமல் பஸ்ஸில் போகிறவளை யாரும் சும்மா விடுவதில்லை. "பேத்திக்குங்களா?" என்று கேட்டார் ஜன்னலோரத்து அம்மா. "இல்லைங்க, ஒரு படத்துக்கு" என்றேன். சினிமாப் படமா என்றார். சுவரில் மாட்டுகிற படம் என்றேன். அவர் தன் பையை எடுத்து மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அன்று காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

நான் பொள்ளாச்சியில் இருக்கிறேன். சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் விற்பது என் பிழைப்பு. பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. மாநில எல்லையைத் தாண்டினால் கேரளத்தில் வடகரப்பதி. செல்போனுக்குத்தான் அது வேறு மாநிலம், என் காதுக்கு இல்லை. 'ஏனுங்க, சேலைக்காரம்மா வந்திருக்குதுங்க' என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கூப்பிடுவார்கள். அங்கே சரசு என்று எனக்கு ஒரு வாடிக்கை. பழகிப் பழகி வாடிக்கை போய் உறவாகிவிட்டது.

சரசு வாழ்க்கைப்பட்டது பழைய பட்டக்காரர் வீடு. அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க அவர்கள் சொன்னதுதான் சட்டம். இப்போது மிச்சமிருப்பது ஒரு தென்னந்தோப்பும், கூடத்துச் சுவரில் பெரிய மீசையோடு சரசு வீட்டுக்காரரின் தாத்தா போட்டோவும். அந்த மீசைக்கு எதிரில் உட்கார்ந்து சேலை விரிக்க எனக்கு எப்போதும் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும்.

சாமி அறையில் இன்னொரு படம் இருந்ததாம். நான் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஓவியரை வரவழைத்து எண்ணெய் வர்ணத்தில் எழுதி வாங்கியது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை. பட்டுப் பாவாடை, கழுத்து நிறைய நகை, பூ வைத்துப் பின்னிய சடை, கையில் ஒரு எலுமிச்சம்பழம். அந்த வம்சத்தில் சின்ன வயதிலேயே இறந்துபோன பெண்பிள்ளை. கல்யாணம் ஆகாமல் போனவளைக் கன்னித் தெய்வமாகக் கும்பிடுவது எங்கள் பக்கம் பல வீடுகளில் உண்டு. வருஷா வருஷம் புதுப் பாவாடையும் வளையலும் எலுமிச்சம்பழமும் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். படத்தில் அவளுக்குக் கால் தெரியாதாம். "தெய்வத்துக்குக் கால் தரையில படாதுங்க, எங்க அத்தை சொல்லுவாங்க" என்றாள் சரசு.

பாகம் பிரித்தபோது சரசு வீட்டுக்காரரின் பெரியப்பா அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு இடுக்கியில் அவர் வாங்கியிருந்த ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. கன்னிக்குப் பாவாடையும் இல்லை. பிறகு சரசு மகள் நித்யாவுக்கு வந்த இரண்டு சம்பந்தம் கடைசி நேரத்தில் தட்டிப்போனது. இப்போது ஒரு பையன் வந்திருக்கிறான். நித்யாவுக்கே பிடித்துப்போன பையன். உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் பண்ண நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. சரசு குறிக்க மாட்டேன் என்கிறாள்.

"கன்னிக்குச் செய்யாம நாள் குறிச்சு, இதுவும் தட்டிப்போச்சுன்னா என்ற புள்ளை மூஞ்சியில நான் எப்படிங்க முழிப்பேன்?"

"அம்மா, அவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லியிருக்காங்க" என்றாள் நித்யா. பாலக்காட்டில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறவள். "பாவாடையை வாட்ஸ்அப்புல அனுப்ப முடியாது, பாத்துக்கோ."

சரசு வீட்டுக்காரர் அங்கே இல்லை. இந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்குத் தோப்பில் வேலை வந்துவிடும்.

"மணியக்கா, நீங்க போயிட்டு வாங்க. நாங்க போனா வாசல்லயே சண்டைதான். உங்க வாய்க்கு அந்தக் கன்னியே எறங்கி வந்துருவா."

வயிறு நிறைய அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் போட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னாள். எப்படி மாட்டேன் என்பது? பாவாடையைக் கொடுத்துக் கட்டளைகளும் போட்டாள். யாரும் தொடக் கூடாது. அதைக் கொடுக்கிற வரைக்கும் நான் கவிச்சி தின்னக் கூடாது. பாவாடை ஒன்றரை முழ நீளம். "நாலு வயசுக் குழந்தைக்கு இத்தனை நீளம் எதுக்கு சரசு?" என்று கேட்டேன். "அளவை மாத்தக் கூடாதுங்க்கா. எங்க அத்தையோட அத்தை காலத்துல இருந்து இதே அளவுதான்" என்றாள்.

படம் மூணாறில் இருப்பதாகக் கேள்வி. பெரியப்பாவின் பேத்தி பிரியா அங்கே தங்கும் விடுதி நடத்துகிறாள். அதனால் முதலில் மூணாறு.

மலை ஏறிக்கொண்டிருக்கும்போது பஸ் நின்றது. எதிரில் ஒரு யானை, ரோட்டோரம் நின்று அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தது. சுற்றுலா வந்தவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஜன்னல்களில் ஏறி விழுந்தார்கள். எனக்கோ வெள்ளிக்கிழமை கண் முன்னால் நின்றது. எப்போது போகும் என்று கண்டக்டரிடம் கேட்டேன். அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அம்மா, அதனிடம் கைக்கடிகாரம் இல்லை. இருப்பதெல்லாம் நம்மிடம்." யாராவது இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால் எனக்குக் கோபம் பாதி இறங்கிவிடும். மீதி இறங்குவதற்குள் யானையே இறங்கிப் போய்விட்டது.

மூணாறில் குளிர் காதைப் பிடித்துத் திருகியது. பிரியாவின் விடுதி வரவேற்பறையில் ஆணி இருந்தது; படம் இல்லை.

"அதையா கேக்குறீங்க? அம்மாகிட்டயே குடுத்து விட்டுட்டேன் அக்கா" என்றாள். தெற்கத்தித் தமிழ், நடுநடுவே மலையாளம். "பழைய காலத்து ஐட்டம், கெஸ்ட்டுக்குப் பிடிக்கும்னு மாட்டி, அடியில 'குட்டித் தம்புராட்டி', குட்டி ராஜகுமாரின்னு போர்டும் வெச்சேன். ஆளாளுக்கு செல்ஃபி எடுத்தாங்க. அப்புறம் ஒரு குடும்பம் வந்துச்சு. அவங்க வீட்டுப் பொண்ணு அதையே பாத்துட்டு நின்னு, 'பாப்பாவுக்குக் காலு இல்ல'ன்னு ஒரு சத்தம். கால் இல்லாதது எது? பேய்! அன்னைக்கே ரூமைக் காலி பண்ணிட்டாங்க. நெட்டுலயும் எழுதிட்டாங்க, இங்க குட்டிப் பேய் இருக்குன்னு."

"அது பேய் இல்லம்மா, உங்க வீட்டுக் கன்னி" என்றேன்.

"அப்படியா? அம்மா வேற என்னமோ சொல்லுமே" என்றவளைப் போன் கூப்பிட்டது. யாரோ அறை கேட்டார்கள். அந்த 'வேற என்னமோ' என்னவென்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். அலைந்த அலைச்சலில் விட்டுவிட்டேன்.

விடுதிச் சாப்பாட்டறையில் புட்டும் கடலைக்கறியும் கொடுத்தாள். பக்கத்து மேசையில் மீன் பொரித்து வைத்திருந்தார்கள். மசாலா வாசனை வந்து வந்து என் தோளைத் தட்டியது. நான் பாவாடைப் பையைப் பார்த்துக்கொண்டு புட்டைப் பிசைந்தேன்.

அவள் அம்மா இருக்கிற ஏலத்தோட்டத்துக்குக் கம்பம்மெட்டில்தான் இறங்க வேண்டும். மறுநாள் அங்கே போகிற வழியில் டயர் போனது. டிரைவரும் கண்டக்டரும் கீழே இறங்கிச் சக்கரத்தோடு சண்டை போட்டார்கள். பயணிகள் இறங்கி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "சேச்சி இப்படியே நடந்திருந்தால் இந்நேரம் கம்பம்மெட்டு போயிருக்கலாம்" என்று ஒருவர் மலையாளத்தில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரசு போன் பண்ணினாள். "எங்க இருக்கறீங்க்கா?" என்றாள். "டயர்கிட்ட" என்றேன். "அய்யோ, தடை பாத்தீங்களா!" என்று அழாத குறையாக வைத்துவிட்டாள். டயர் ஆணியில் போனதை அவளிடம் சொல்லிப் பயனில்லை.

கம்பம்மெட்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தோட்டத்துக்கு இனிமேல் வண்டி இல்லை என்றார்கள். அங்கேயே ஒரு அறை எடுத்தேன். ஊர் முழுக்க ஏலக்காய் மணம். தலையணையே பாயசம் மாதிரி மணத்தது. ஆனால் தூக்கம்தான் வரவில்லை. விடிந்தால் வியாழன்.

காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் ஜீப்பில் வருவார்கள், அதில் தொற்றிக்கொள் என்றார் டீக்கடைக்காரர். தொற்றிக்கொண்டேன். அந்த ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணக் கை கால் போதாது. என் முழங்கை யாருடைய விலாவிலோ, யாருடைய தூக்குச்சட்டியோ என் மடியில். ஒரு குழியில் ஜீப் துள்ளியதில் பை வாய் பிளந்து பாவாடை வெளியே வந்து விழுந்தது.

"ஆத்தாடி, பட்டு!"

யாரும் தொடக் கூடாது என்று நான் வாய் திறப்பதற்குள் பாவாடை முன் சீட்டுக்குப் போய்விட்டது. ஒருத்தி ஜரிகையைத் தடவினாள். ஒருத்தி கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "என்னத்தா, பேத்திக்கா? எத்தனை வயசு?" என்றாள் மூன்றாமவள்.

"நாலு" என்றேன்.

"நாலா? யாரு உன்னைய ஏமாத்துனா? இது ஏழு எட்டு வயசுப் புள்ளைக்கு உள்ளது. நாலு வயசுக்குக் கட்டுனா காலு உள்ள போயிரும். தடுக்கி விழுந்து பல்லு ஒடைச்சுக்கும்."

"நம்ம செல்வி புருசன் வேட்டி கட்டுன மாதிரி இருக்கும்" என்று ஒருத்தி சொல்ல, ஜீப்பே குலுங்கியது. பாவாடை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லார் கைச்சூடும் ஏறி, என்னிடம் வந்தது. சரசு சொன்ன கட்டளையில் ஒன்று காற்றில் போனது. யாருக்குத் தெரியப்போகிறது என்று மடித்து உள்ளே வைத்தேன்.

தோட்டத்து வாசலில் என்னை இறக்கிவிட்டார்கள். பெரியப்பா காலமாகிவிட்டார், இப்போது இருப்பது அவருடைய மகனும், பிரியாவின் அம்மாவான மருமகள் பேச்சியம்மாளும். பேச்சியம்மாள் கம்பத்துப் பக்கத்துப் பெண். ஸ்டோரில், அதாவது ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தில், காய்ந்த காயைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடகரப்பதியில இருந்தா?" என்று ஏற இறங்கப் பார்த்தார். "சண்டைக்கா, சமாதானத்துக்கா? எங்க வீட்டுக்காரரு காய் ஏலம் விடப் போயிருக்காக. சண்டைன்னா சாயந்திரம் வா. சமாதானம்னா இப்பவே காப்பி தாறேன்."

"ரெண்டும் இல்லைங்க. உங்க வீட்டுக் கன்னிக்குப் பாவாடை கொண்டு வந்திருக்கேன்."

"எந்தக் கன்னி?"

நான் விஷயத்தைச் சொன்னேன். நித்யாவைச் சொன்னேன், தட்டிப்போன சம்பந்தங்களைச் சொன்னேன், நாளைய வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். பேச்சியம்மாள் முதலில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்தினார். அப்புறம் அடக்க முடியாமல் ஏலக்காய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்து சிரித்தார்.

"ஆத்தாடி ஆத்தா! அது கன்னியா? அது எங்க வீட்டுக்காரரோட தாத்தா! பழனிக்கு முடி எறக்கப் போறதுக்கு முந்தி சடை பின்னி, பூ வெச்சு, பாவாடை கட்டி எழுதுன படம். இவரு கன்னின்னா நாங்கள்லாம் எப்படித்தா வந்தோம்?"

உள்சுவரில் மாட்டியிருந்ததை இறக்கிக் கொண்டுவந்தார். ஸ்டோர்ச் சூட்டில் இருந்தால்தான் மலைக்குளிரில் பூஞ்சை பிடிக்காது என்று அங்கே வைத்தாராம். படத்தில் பாதி சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. ஈரத் துணியை நுனிவிரலில் சுற்றி மெல்ல ஒற்றி எடுத்தார். கையில் இருந்தது எலுமிச்சம்பழம் இல்லை. கயிறு சுற்றிய பம்பரம். எப்போது இந்த வேலை முடியும், எப்போது ஓடலாம் என்று ஒரு முகம். அந்தப் புருவத்தை நான் பார்த்திருக்கிறேன். சரசு வீட்டுக் கூடத்தில், மீசைக்கு மேலே.

இதில் எனக்குத் தெரியாத வழக்கம் என்ன இருக்கிறது? முடி இறக்கும் முன்னால் ஆண்பிள்ளைக்குச் சடை போட்டுப் படம் எடுக்காத வீடு எங்கள் பக்கம் உண்டா? என் வீட்டு டிவிக்கு மேலேயே என் மகன் கனகாம்பரம் வைத்துக்கொண்டு சிரிக்கிறான்.

"எங்க மாமனாரு சொல்லுவாக" என்றார் பேச்சியம்மாள். "'எங்கப்பனுக்கு வருசா வருசம் வளையல் வெச்சுக் கும்புடுறாளுக, பாக்கச் சகிக்கல'ன்னு. அதுக்குத்தான் தூக்கிட்டு வந்தாக."

"அப்போ கன்னின்னு யாருமே இல்லையா?"

சிரிப்பு நின்றது. "இருந்தா. படத்துல இருக்க இவருக்கு மூத்தவ. இந்தப் படம் எழுதி முடிச்ச கொஞ்ச நாள்ல காய்ச்சல்ல போயிட்டாளாம். அவளை யாரும் எழுதல. பொம்பளப் புள்ளைய எதுக்கு எழுதணும்னு விட்டுட்டாக போல. கும்புடுறதுக்கு ஒரு மொகம் வேணும்ல? சடையும் பாவாடையும் கண்ட பெறகு, இதையே வெச்சுக்கிட்டாளுக."

அப்போதுதான் என் போன் அடித்தது. சரசு. வீடியோ.

எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் சரசு என்ன ஆவாள்? கன்னியே இல்லாத வீட்டில் எதை நம்பி நாள் குறிப்பாள்? மூடிவைத்துவிட்டால் நித்யாவுக்கு நாள் கிடைக்கும். பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். "மறைக்கணும்னா மறை. என் வாய் நீளாது" என்றார். ஒரு விரல் நீட்டி ஒரு துளிச் சந்தனம் வைத்தால் போதும், பம்பரம் மறுபடி எலுமிச்சம்பழமாகிவிடும். எனக்குக் கை எழவில்லை.

சிக்னல் வாசலில்தான் இருந்தது. படத்தை வெளியே கொண்டுவந்து சுவரில் சாய்த்தோம். மலை வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. போனைத் திருப்பிக் காட்டினேன்.

சரசு கைகூப்பினாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"மணியக்கா... கையில என்னங்க அது? பம்பரமுங்களா?"

"ஆமா சரசு."

எல்லாவற்றையும் சொன்னேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"போனைக் கீழ கொண்டு போங்க. கால்கிட்ட" என்றாள்.

கொண்டுபோனேன். பாவாடை தரையில் கும்பலாகக் குவிந்து கிடந்தது. இடுப்பில் மடித்து மடித்துச் செருகியிருந்த புடைப்பைக்கூட ஓவியர் விடவில்லை.

"இது இவனுக்குத் தெச்சதில்லைங்க்கா" என்றாள் சரசு. "எங்க பையன் சதீசுக்கு முடி எடுக்கறப்ப நித்யா பாவாடையத்தான் மடிச்சுக் கட்டி உட்டேன். ரெண்டு தடவை தடுக்கி உழுந்தான். ஆம்பளப் பையனுக்குன்னு யாருங்க பாவாடை தெப்பாங்க?"

"நான் என்ற பாவாடைன்னு அழுதேன்" என்று பக்கத்திலிருந்து நித்யாவின் குரல் கேட்டது. "போட்டோக்காரரு என்னைத் தள்ளி நிக்கச் சொன்னாரு."

சரசு திரும்பி நித்யாவைப் பார்த்தாள்.

"அப்ப அந்த அக்காக்காரியும் அங்கதான் நின்னிருப்பா" என்றாள் சரசு. "தள்ளி."

பேச்சியம்மாள் என் பையிலிருந்து பாவாடையை எடுத்து உதறினார். குனிந்து, படத்திலிருந்த மடிப்புகளை விரலால் அளந்து பார்த்தார். பிரித்துவிட்டால் வரக்கூடிய நீளம் இதுதான் என்பதுபோலத் தலையாட்டினார். "சரியா இருக்குத்தா. எட்டு வயசுப் புள்ளைக்கு உள்ளது."

"மொகத்தைத்தானுங்க மறந்துட்டோம். அளவை மாத்தல பாத்தீங்களா?" என்றாள் சரசு. இப்போதுதான் அழுதாள்.

"அம்மா, அப்ப நாளு?" என்றாள் நித்யா.

"குறிச்சுக்கச் சொல்லு கண்ணு. இன்னைக்கே சொல்லிரு."

பேச்சியம்மாள் போனை என் கையிலிருந்து பிடுங்கினார். பாகம் பிரித்த நாளுக்குப் பிறகு அந்த இரண்டு வீடும் பேசிய முதல் பேச்சு இது. "ஏத்தா சரசு, கல்யாணத்துக்குக் கூப்புடுவியா?"

"மொதப் பத்திரிகை உங்களுக்குத்தானுங்க. வர்றப்போ தாத்தாவையும் கூட்டிட்டு வாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டே சேர்த்துக்கொண்டாள்: "வளையல் போட மாட்டோம்னு சொல்லுங்க."

அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. பேச்சியம்மாள் கேட்காமலே எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொன்னார். அப்புறம் ஒரு சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போனார். படத்தைப் பழைய இடத்தில் மாட்டாமல், சுவரோரமாகத் தரையில் நிறுத்தினார். அதற்குப் பக்கத்தில் பாவாடையை மாட்ட ஒரு ஆணி. அடித்து மாட்டிப் பார்த்தார். விளிம்பு தரையிலிருந்து நாலு விரல் மேலே தொங்கியது.

ஆணியைப் பிடுங்கினார்.

"தெய்வத்துக்குக் கால் தரையில படாதுன்னு சொல்லுவாங்க" என்றேன் நான்.

"தெய்வம் அப்புறம் ஆகட்டும்" என்று கீழே இறக்கி அடித்தார் பேச்சியம்மாள். "எட்டு வயசுப் புள்ள. மொதல்ல தம்பி பக்கத்துல வந்து நிக்கட்டும்."